லாபிஸ் கொட்டகையில் நான் கவிழ்த்த கோப்பைகள்

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ்கள் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எதிர்த்திசையில் கிளம்பினேன். லார்கின் பஸ் நிலையத்திலிருந்து யோங் பெங்குக்கு பஸ், அங்கிருந்து லாபிஸுக்கு டாக்சி. பையில் அண்ணனுக்கு இரண்டு புதுச் சட்டைகள், ஒரு சாவி. வீட்டுக்குப் பின்னால் அவருக்கென்று அறை கட்டி, சாயம் அடித்து, காற்றாடியும் மாட்டியாகிவிட்டது. இனி ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாக்கி. சேர்த்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் அண்ணன் சிவலிங்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அண்ணி இறந்த மறு ஆண்டு வேலையை விட்டார், வாடகை வீட்டை விட்டார், ஒரு பையோடு நடக்கத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளாக ஜொகூர் மாநிலத்தின் தோட்டத்துக் கோயில்கள்தாம் அவருக்கு ஊர். எங்கே திருவிழாவோ அங்கே போவார். பந்தல் கட்டுவார், அண்டா கழுவுவார், சாப்பிடுவார், அடுத்த ஊருக்கு நகர்வார். என் வீட்டுக்கும் வருவார். ஆனால் விடியுமுன் சொல்லாமல் போய்விடுவார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும், இனி வரமாட்டாரோ என்று பயந்துபோவேன்.

யோங் பெங் டாக்சிக்காரர் ஐம்பது வெள்ளி வாடகை கேட்டார். "கோயிலுக்கா, அக்கா?"

"ஓர் ஆளைப் பிடிக்கப் போறேன்."

"போலீஸா நீங்க?"

"தங்கச்சி."

"அலமாக்! அப்ப தப்பிக்க முடியாதுலா."

வழி நெடுகச் செம்பனைத் தோட்டங்கள். லாபிஸ் தாண்டி, ரயில் தண்டவாளத்தைக் கடந்து, செம்மண் பாதையின் முடிவில் இறக்கிவிட்டார். முனீஸ்வரன் கோயில், பக்கத்தில் சமையல் கொட்டகை. அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏதோ நான் அடுத்த வீட்டில் குடியிருப்பவள்போல, "பசியாறிட்டியா வசந்தி?" என்றார்.

அவரோடு, அவரைப்போலவே ஊர் ஊராகப் போகிற இன்னும் நான்கு பேர். அவர்களில் லெட்சுமி அக்காவுக்குக் குளுவாங்கில் இரண்டு மகன்கள், இரண்டு பேருக்கும் சொந்த வீடு. பிறகு ஏன் இப்படி என்று நேராகவே கேட்டேன். "அங்க இருந்தா பாட்டி, மாமியார், வீட்டுக் காவல். இங்க நான் லெட்சுமி" என்றார். வாயாடிதான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

தேநீர் குடித்துவிட்டு, எல்லாரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பையை எங்கேயும் இறக்கிவைக்கிற பழக்கமே அவர்களுக்கு இல்லை. கொட்டகைப் பலகையில் ஐந்து எனாமல் கோப்பைகள் கழுவாமல் நின்றன. எனக்கா சும்மா இருக்க வரும்? தேய்த்துக் கழுவி, வரிசையாகக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன்.

திரும்பி வந்தபோது லெட்சுமி அக்கா வாழையிலைக் கட்டோடு பலகை முன் நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. இலைக்கட்டைக் கீழே போட்டு, தன் கோப்பையை எடுத்துப் பையில் திணித்தார்.

"என் கோப்பையையும் கவுத்துட்டு உங்கண்ணனும் போயிட்டானா? செகாமட்டுக்கு ஒண்ணா போலாம்னு சொன்னானே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அண்ணன் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். பலகையைப் பார்த்தார், என் ஈரக் கையைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நாங்க யாரும் போயிட்டு வரேன்னு சொல்லிக்கிறதில்லம்மா. கோப்பை நிமிந்திருந்தா ஆள் வருவான், சோத்துல பங்கு வைக்கணும். கவுந்திருந்தா கெளம்பிட்டான், காத்திருக்கக் கூடாது. நீ ஒரு கழுவுல கூட்டத்தையே அனுப்பிட்டியே!"

லெட்சுமி அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் அண்ணனின் கோப்பையை உடனே நிமிர்த்தி வைத்தார். வீட்டை உதறி வந்தவருக்கும் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. அது நான் நன்றாக அறிந்த பயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சாவியை நீட்டினேன். அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தார்.

"நல்லா கட்டிருப்ப, தெரியும். வருவேன், போவேன். தங்கச் சொல்லாதே."

"எங்கயாச்சும் விழுந்து கெடந்தா?"

"எல்லாக் கோயில்லயும் உன் நம்பரக் குடுத்து வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவருக்கு முன்னாலேயே தீர்த்துக்கொண்டேன். அவர் புதுச் சட்டைகளில் நீல நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டு சுமையாம்.

மாலை பஸ்ஸில் வழி முழுக்கச் செம்பனையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆளைப் பிடிக்கப் போனவள் தனியாகத்தான் வீடு திரும்பினேன். சமையலறையில் விளக்கைப் போட்டதும் அலமாரியில் அண்ணனின் டம்ளர் கண்ணில் பட்டது. அவர் போன கையோடு ஒவ்வொரு முறையும் நான் கழுவிக் கவிழ்த்து வைப்பது. அவர் திரும்பி வரும்போதெல்லாம் அது அப்படித்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆறு ஆண்டுகளாக வந்திருக்கிறார்.

எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"தூசி விழும்மா" என்றாள் மகள்.

"விழட்டும்" என்றேன்.