டேங்க் மூடியில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம், சித்தப்பாவின் பழைய காரில் தேனிக்கு நேர்காணலுக்குப் போனேன். சின்னமனூர் தாண்டியதும் இன்ஜின் நின்றது. கிளப்பினால் சற்று ஓடி மறுபடி நின்றது. நேரமோ ஓடியது.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலிருந்து ஒரு கூலிக்கார அம்மா இறங்கினார்.

"பெட்ரோல் டேங்க் மூடியத் தொறந்து பாரு ஆத்தா. எங்க ஜீப்பும் இப்படித்தான் நிக்கும்."

"நான் மெக்கானிக்கல் படிச்சவ. நீங்க போய்க் காயப் பறிங்க."

படிக்காதவர்கள் என்றால் எனக்கு அவ்வளவு இளக்காரம். அவர் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பூஜையன்று நான் அப்பிய சந்தனம், மூடியின் காற்றுத் துளையில் காய்ந்து கிடந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்கவில்லை.

"பொட்டு வக்கிறேன்னு மூக்கவா அடைப்பாக?" ஜீப்பே சிரித்தது. கொண்டை ஊசியால் துளையைக் குத்திவிட்டுப் போனார்.

கார் அப்புறம் நிற்கவில்லை; வேலையும் கிடைத்தது. அவருக்கு ஒரு நன்றி மட்டும் நான் சொல்லவேயில்லை. என் அம்மாவும் அதே மாதிரி ஜீப்பில் போய்க் காய் பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.