எள்ளளவு பூச்சியும் கொக்கும்

கொக்குக்கு நான் பதினொரு வாரக் கூலி பாக்கி வைத்திருந்தேன். அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு ஏழு மைதானங்களுக்குப் புல் வளர்த்துத் தருகிறேன். சொந்தத்தில் நாலு லாரி ஓடுகிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் என் புல்லில் முட்டி போட்டுத் தடவிப் பார்த்து, எப்படி ஐயா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், சொல்வேன். ஆனால் முதல் மைதானத்தை மட்டும் நான் தனியாகக் காப்பாற்றவில்லை. கொக்கு இல்லையென்றால் லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை.

கொக்கு என்பது வேலையாட்கள் வைத்த பேர். உயரம், ஒல்லி, நீளக் கழுத்து. களையெடுக்கும்போது மற்றவர்கள் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். இவள் நின்றபடியே இடுப்பை மடித்து, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். திடீரென்று கை போகும், களை வேரோடு வரும். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் புல்லறுத்தவள். புருஷன் எங்கோ போய்விட்டான், இவளும் தேடவில்லை. வயசுக்கு வந்த மகளோடு தம்பி வீட்டு நடையில் படுத்திருந்தாள். தம்பி பெண்டாட்டி இவர்கள் குளிக்கிற தண்ணீரைக்கூட எண்ணுவாளாம். அழுதுகொண்டு அல்ல, சிரித்துக்கொண்டே சொல்வாள்: "மூணாவது சொம்புக்கு பாட்டு ஆரம்பிச்சிடும் மேஸ்திரி."

மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். நான் சொந்தமாக காண்ட்ராக்ட் எடுத்து ஆறு மாதம் ஆகியும் அவள் வாயில் முதலாளி என்ற சொல் வரவே இல்லை. எனக்கு அது உள்ளுக்குள் உறுத்தும்.

கூலி பாக்கி விழுந்த கதை இது. கையில் வாங்கினால் தம்பி பிடுங்கிக்கொள்வான், உங்களிடமே இருக்கட்டும், மொத்தமாகக் கொடுங்கள் என்று அவளேதான் சொன்னாள். ரொட்டிக்கடை மாடியில் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள். மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்டினால் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நானும் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வந்தேன். யோக்கியமாகத்தான் போட்டேன்.

அப்போதுதான் அந்த முதல் மைதானம் மஞ்சளாக ஆரம்பித்தது.

ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரும் சிமெண்ட் படிக்கட்டு ஓரம், வெயில் அதிகம் அடிக்கிற பக்கம், முதலில் ஒரு தட்டு அகலத்துக்கு. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். இரண்டு வேளை பாய்ச்சினேன். தட்டு முறமாயிற்று. சத்து போதவில்லை என்று யூரியா போட்டேன். முறம் பாயாயிற்று. எனக்கு உட்கார முடியவில்லை. விடிந்ததும் போய்ப் பார்ப்பேன், பத்து மணிக்குப் பார்ப்பேன், சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பவும் போவேன். வீட்டில் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் சம்சாரம், நடக்கிறதுதான் நடக்கிறீர்கள், கையில் விளக்குமாற்றையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மைதானத்தைப் பச்சையாக ஒப்படைத்தால்தான் மீதிப் பணம். ஒப்படைக்க ஆறு வாரம் இருந்தது.

கடைசியில் ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் ஒரு வழி சொன்னார். காலிப் பால்மாவு டப்பா ஒன்றின் மூடியையும் அடியையும் வெட்டிவிட்டு, பச்சையும் மஞ்சளும் சேர்கிற இடத்தில் மண்ணில் அழுத்தி, தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திரு என்றார். தண்ணீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. எள்ளளவுதான். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளை இறக்கை. குஞ்சுகள் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு. நசுக்கினால் நாற்றம். சிலதைப் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டினேன், மூட்டைப்பூச்சிக்குப் பங்காளி என்றார் கடைக்காரர். அது நம்மைக் குடிக்கும், இது புல்லைக் குடிக்கும். நான் போட்ட யூரியா புல்லை இளசாக்கி அதற்கு விருந்து வைத்திருக்கிறது.

மருந்து அடித்தேன். செத்தது. இரண்டு வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி வாங்க என்னிடம் பணம் இல்லை. கடைக்காரர் கடன் கொடுக்கிற ஆள் இல்லை. கொக்கின் கூலி இருந்த தகர டப்பாவைத் திறந்தேன். பதினொரு வாரக் கூலியும் இரண்டு கேன் மருந்தாயிற்று.

அடுத்த நாள் காலை தெளிப்பானில் மருந்து நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொக்கு ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தாள்.

"மேஸ்திரி, கொஞ்சம் நில்லுங்க. இதுல பாதி அது இல்ல."

பாட்டிலுக்குள் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே பூச்சிதான். அவள் விரலால் காட்டினாள். ஒன்றுக்குத் தலை தோளைவிட அகலம், கண்கள் இரண்டும் வெளியே பிதுங்கி நின்றன. மற்றது நகரும், இது ஓடும். நேற்று முழுக்கக் குனிந்து நின்று பார்த்தாளாம். நான் நம்பவில்லை. தெளிப்பானைக் கழற்றச் சொல்லிப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். முக்கால் மணி நேரம் பாட்டிலையே பார்த்தோம். அந்தக் கண்பிதுங்கிப் பூச்சி ஒரு சிவப்புக் குஞ்சை மடக்கி, மூக்கைச் செருகி, அது வெறும் தோலாகிறவரை விடவில்லை.

போன தடவை மருந்தடித்தபோது இவையும் செத்திருக்கின்றன. கெட்டது சீக்கிரம் பெருகியது, இது மெதுவாகத்தான் வந்தது. இப்போதுதான் சரிக்குச் சரி சேர்ந்திருக்கிறது, இன்றைக்கு அடித்தால் எல்லாம் பாழ் என்றாள்.

எனக்குப் பயம். ஒப்படைக்க நாலு வாரம்கூட இல்லை. பூச்சி பூச்சியைத் தின்னும் என்று சொன்னால், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய மைதானத்துச் செயலாளர் சிரிப்பார். அடித்தே தீருவேன் என்று எழுந்தேன். அவள் தரையில் கிடந்த மருந்துக் குழாய்மேல் காலை வைத்தாள். ஆத்திரத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"காலை எடு. இந்த டேங்குக்குள்ள இருக்கிறது உன் கூலிதான்."

அவள் காலை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். பிறகு, எல்லாமா என்று கேட்டாள். எல்லாம் என்றேன்.

"அப்ப என் கூலியை எங்க ஊத்தணும்னு நான்தான் சொல்லணும். படிக்கட்டு ஓரத்துல மட்டும் அடிங்க, அங்க கண்பிதுங்கி இல்ல. மிச்சத்தை மூடி வையுங்க. பச்சை ஆகலைன்னா அந்தப் பணத்தை நான் கேக்க மாட்டேன்."

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக ஏதோ சொன்னேன் என்று எழுதலாம். சரி என்று மட்டும்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து இருபத்தாறு நாள். படிக்கட்டு ஓரம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மருந்து. யூரியா நிறுத்தம். புல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி சேர்ந்திருந்த காய்ந்த சருகுதான் பூச்சிக்கு வீடு என்று அதை வாருகோலால் வாரி வாரி வெளியே தள்ளினோம். செத்த இடங்களில் கைப்பிடிக் கைப்பிடியாக நல்ல புல்லை வேரோடு நட்டோம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நான் நாற்றுக்காக விட்டிருந்த பாத்திதான் கை கொடுத்தது. மற்ற ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவளும் அவள் மகளும் நானும்தான். நான் சும்மா நிற்கவில்லை, ஒரு நாளைக்கு நானூறு புல்கட்டி நட்டேன். இப்போது என் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்தாலும் அது முடியாது.

ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. மணிக்கு ஒரு தரம் டப்பாவை அழுத்தி எண்ணுவேன். கெட்டது பன்னிரண்டு, கண்பிதுங்கி ஏழு. அடுத்த நாள் பதினைந்து, ஆறு. மூடி வைத்த கேனைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். இப்படிக் குத்திக் குத்தியே மைதானத்தைச் சல்லடையாக்கிவிடுவீர்கள் என்று அவள் டப்பாவை ஒளித்து வைத்தாள். அவளும் நிம்மதியாக இல்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது ரொட்டிக்கடை மாடி ஜன்னலில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவாளாம். அவள் மகள் சொன்னாள்.

இருபதாம் நாள் டப்பாவில் கெட்டது இரண்டு. நட்ட கட்டிகள் கொடி விட்டு ஒன்றையொன்று தொட்டன.

மாசக் கடைசிக்கு முதல் நாள் செயலாளர் வந்தார். குடையால் புல்லைக் குத்திக் குத்தி நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன், கொக்கு அதற்கும் பின்னால். படிக்கட்டு ஓரத்தில் நின்றார். ஒரு பாய் அகலத்துக்கு இன்னும் மஞ்சள். இதையும் பச்சையாக்கிவிட்டுச் சொல்லுங்கள், பத்து நாள் கழித்து வருகிறேன், அன்றைக்குக் கையெழுத்து என்றார்.

பத்து நாளில் எனக்கு ஒன்றும் ஆகாது. கொக்கின் ரூம் போய்விடும்.

திரும்பிப் பார்த்தேன், கொக்கைக் காணோம். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து அவளும் மகளும் ஒரு சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சாக்கின்மேல் நாற்றுப் பாத்தியிலிருந்து வேர்மண்ணோடு அப்படியே வெட்டியெடுத்த புல் தகடுகள். செயலாளரை நகரச் சொன்னாள். அவர் நகர்ந்தார். மஞ்சளை மண்வெட்டியால் சீவித் தள்ளி, தகடுகளைப் பரப்பி, மேலே ஏறி நின்று மிதித்தாள். மூன்று தடவை சாக்கு போய் வந்தது. பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் குடையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப பச்சைதானே ஐயா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் குனிந்து ஓரத்தை இழுத்துப் பார்த்தார். வேர் ஆழமாக இருந்தது, நான் வளர்த்த புல் அது. சிரித்தார். பேனாவை எடுத்தார்.

பணம் அடுத்த நாள் மதியம்தான் வங்கியில் கைக்கு வந்தது. வெளியே படியில் அவள் நின்றிருந்தாள், சேலையில் மண் அப்படியே. நான் பெருமையாக ஒரு காகித உறையை நீட்டினேன். பதினொரு வாரமும், அதற்கப்புறம் உழைத்த நாலு வாரமும், மேலே கொஞ்சமும் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அவள் வாங்கவில்லை.

"உறை எல்லாம் வேணாம். மேல போட்டதை எடுத்துடுங்க. கூலியை என் கையில எண்ணுங்க."

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. உறையைக் கிழித்தேன். அவள் வலது கையை விரித்து நீட்டினாள், விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை. முதல் வாரம் என்று சொல்லி வைத்தேன். இரண்டாம் வாரம். காற்றுக்கு நோட்டு எழும்பியது, கட்டை விரலால் அமுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு வாரத்தையும் அவள் உதடும் கூடவே எண்ணியது. பதினொன்று வந்ததும் நான் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். கை விரித்தபடியே இருந்தது. பன்னிரண்டு என்றேன். பதின்மூன்று. பதினான்கு. பதினைந்தாவதை இரண்டு கையாலும் வைத்தேன்.