பாவுக்கு அரைக் குளிசை

1959இல் மருதமுனையில் ஒரு குளிசையைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னவர், அதைக் கொடுத்த டொக்டர் ஒருவர்தான்.

குளிசை ஜுனைதாவுடையது. வயது இருபத்தாறு, தறியில் சாறன் நெய்பவள். முந்திய வருடம் முதற்பிள்ளை வயிற்றிலேயே கலைந்தபின், குறுக்குநூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நான்கு மாதம் தறியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊர் நூல் கட்டியது, தண்ணீர் ஓதிக் கொடுத்தது, இறுதியில் சோம்பல் என்று தீர்ப்பும் வழங்கியது. புருஷன் மசூர் மேன்முறையீடு செய்ய விரும்பி, கல்முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த நல்லரெத்தினம் டொக்டரிடம் அவளைக் கூட்டிப்போனான். மனச்சோர்வுக்கென்று புதிதாக வந்த குளிசை, நாளைக்கு மூன்று. ஒன்றரை மாதத்தில் தறி சத்தம் போட்டது.

சிக்கல் அதன்பிறகுதான். ஜுனைதாவுக்குப் பிள்ளை வேண்டும்.

மசூரின் தாய் ஹாஜறா, எங்கள் வழக்கப்படி மகனைப் பெண்வீட்டுக்கு அனுப்பிவிட்டவர். ஆகவே வாரத்தில் எட்டு நாள் அங்கே வருவார்.

“குளிசை முழுங்கிற வயித்துல குளிசைதான் பொறக்கும். இண்டைக்கே கிணத்துல கொட்டு, புள்ள.”

“கிணத்துல கொட்டினா ஊரே குடிக்கும், மாமி. மறுகா உங்களுக்கும் சந்தோசம் வந்திரும்.”

மூவரும் டொக்டரிடம் போனார்கள்.

“வயித்துப் பிள்ளைக்கு இது என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி,” என்றார் அவர். “ஆருக்கும் தெரியாது. குளிசை வந்தே ஒரு வருசம்தான். பிள்ளை தங்க முந்தியே மெல்லக் குறைச்சுப் பாப்பம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அரைக் குளிசை. ஒரேயடியா நிப்பாட்டப்படாது.”

“தெரியாதெண்டு சொல்லுறத்துக்கா இவரு இங்கிலீசெல்லாம் படிச்ச?” என்று ஹாஜறா வாசலிலேயே விசாரணையை முடித்தார்.

இங்கே எங்கள் ஊரின் கால அளவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தறியில் நீளப்போக்கில் ஏற்றும் நூல் பாவு. ஜுனைதாவின் ஒரு பாவுக்குப் பன்னிரண்டு சாறன். பன்னிரண்டு சாறனுக்கு இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள். கலியாணப் பேச்சிலிருந்து கூரை வேய்வதுவரை ‘இந்தப் பாவு முடியட்டும்’ என்றுதான் இங்கே நாள் குறிப்பார்கள். ஜுனைதாவும் அப்படியே குறித்தாள்: பாவுக்கு அரைக் குளிசை. இரண்டு பாவு முடிந்தது. மூன்று குளிசை இரண்டானது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அப்போது ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. சம்மாந்துறையிலிருந்து சாறன் கேட்டு ஆள்மேல் ஆள். ஜுனைதா ஆறு நாளில் ஒரு பாவு முடித்தாள். மறுபடி ஆறு நாள். மறுபடி ஆறு. டொக்டரின் கணக்கில் ஒன்றரைக் குளிசையில் இருக்க வேண்டியவள் அரையில் வந்து நின்றாள். பிறகு தறியும் நின்றது.

“நாடாவ எறியன், புள்ள,” என்றான் மசூர்.

“எறிஞ்சா எங்க போய் விழுமெண்டு பாத்துக்கிட்டு இரிக்கன்.”

ஹாஜறா வந்தார். பாதிச் சாறன் தறியில் கிடந்தது. ஏழு நீலக்கோடு வரவேண்டிய இடத்தில் பதினொன்று. மருமகளின் கண்ணைப் பார்த்து ஒருநாளும் நம்பாதவர், கோட்டைப் பார்த்து நம்பினார். ஊர் வரலாற்றில் இது பதியப்பட வேண்டிய சம்பவம். அவரே போய் வண்டில் பிடித்துவந்தார்.

“ஆர் இந்த வேகத்துல குறைக்கச் சொன்ன?” என்றார் டொக்டர்.

“நீங்கதான், டொக்டர். பாவுக்கு அரை எண்டு,” என்றான் மசூர்.

“நான் ரெண்டு கிழமை எண்டெல்லோ சொன்னன்?”

“அதுதானே ஒரு பாவு.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கெதியா வராத சாமான் ஏதும் உங்கட ஊரில இரிக்கா?”

“எங்கட மசூர் இரிக்கான்,” என்றார் ஹாஜறா.

ஜுனைதா சொன்னாள்: “வெள்ளிக்கிழமை.”

திரும்ப இரண்டு குளிசை. தெளிவு வந்த பிறகு, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அரை குறைந்தது. ஒன்றுக்கு வந்தபோது விடியமுன் விழித்துக் கூரையைப் பார்க்கத் தொடங்கினாள். ஒன்றரைக்கு ஏற்றி டொக்டர் அங்கேயே நிறுத்தினார்.

“இதோட புள்ள தங்கலாமா, டொக்டர்?”

“குளிசையால என்ன வருமெண்டு இப்பவும் எனக்குத் தெரியாது, தங்கச்சி. குளிசை இல்லாம நீங்க எப்படி இருந்தீங்க எண்டது தெரியும். ரெண்டையும் வச்சு நீங்கதான் சொல்லணும்.”

அவள் இரண்டு வெள்ளி யோசித்தாள். பிறகு ஒன்றரையோடே இருந்தாள். வருடக் கடைசியில் பிள்ளை தங்கியது.

இப்போதெல்லாம் வாசல் படலையில் நின்றபடியே ஹாஜறா கேட்பார்: “ஒண்டரையும் முழுங்கினயா?” முழுங்காத நாளில் சாறனில் கோடு கூடிவிடும் என்பது அவர் பயம். வேறு பயமும் உண்டு, அதைச் சொல்லமாட்டார்.

பக்கத்துவீட்டுக்காரி ஒருநாள் தறியடிக்கு வந்து, “எப்ப புள்ள, இன்னும் எத்தின பாவு இரிக்கி?” என்று கேட்டாள்.

“இருவத்திரெண்டு வெள்ளிக்கிழம,” என்றாள் ஜுனைதா, நாடாவை எறிந்துகொண்டே.