வீட்டில் காட்டிக் கொடுக்காத பிரவுசர்

உப்பளத்துச் செல்போன் கடையில் என் போனைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, எந்த பிரவுசர் வேகம், எது பாதுகாப்பு, எது நம்மை வேவு பார்க்காது என்று கடைக்காரருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பக்கத்து ஸ்டூலில் முப்பது வயதுப் பெண் ஒருவர். வாசலில் எந்த பைக் வந்து நின்றாலும் போனை மடியில் கவிழ்த்துவிடுவார்.

"சார், இதுல எது வூட்ல காட்டிக் குடுக்காது?" என்று மெல்லக் கேட்டார். "வேலைலேர்ந்து வந்ததும் வூட்டுக்காரரு போனை வாங்கி ஹிஸ்டரியைப் பார்ப்பாரு."

நான் படித்த பிரவுசர் ஒப்பீட்டு அட்டவணைகளில் அப்படி ஒரு கட்டமே இல்லை. பிரைவேட் விண்டோவில் பார்ப்பது ஹிஸ்டரியில் பதியாது என்று அவர் போனிலேயே திறந்து காட்டினேன்.

"காலியா இருந்தா, ஏன் காலியா இருக்குன்னு அடிப்பாரே சார்."



அவர் அந்த விண்டோவில் எதையோ படித்தார். வேவு பார்ப்பதைக் கண்டித்த நானே எட்டிப் பார்த்தேன்: 'பெண்கள் உதவி மையம்'. அதை மூடிவிட்டு, சாதாரண விண்டோவில் 'வஞ்சிரம் குழம்பு செய்வது எப்படி' என்று தேடினார்.

கடைக்காரர் சிரித்தார். "ஏம்மா, வைத்திக்குப்பத்துல மீன்காரங்க வூட்ல பொறந்துட்டு மீன் கொழம்புக்கு போனைக் கேக்குறியா?"

அவர் முகம் வெளுத்தது. அவசரமாக அதை அழித்துவிட்டு, 'முட்டை இல்லாத கேக்' என்று தேடிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை அந்த வீட்டில் கணவர், "கேக் எங்க?" என்று கேட்டிருப்பாரோ என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.