அடுப்படியில் வைத்த இஞ்சி பியர்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒரு வருஷம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தீபாவளி வந்தால் அவருடைய கூட்டாளிகள் போத்தலோடு வருவார்கள், வர வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவர் கையில் மட்டும் வெறும் தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் கேலி செய்தே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதனால் நானே இஞ்சி பியர் போடுவது என்று இறங்கினேன். நுரை வரும், பார்க்கவும் அது மாதிரியே இருக்கும், ஆனால் போதை இருக்காது.

ஃபோனில் ஒருத்தி செய்து காட்டியதைப் பார்த்துக்கொண்டேன். இஞ்சி, சீனி, தேசிக்காய்ச் சாறு, கொஞ்சம் ஈஸ்ட் போட்டுத் துணி கட்டி வைப்பது முதல் கட்டம். குமிழி நன்றாக எழும்பியதும் வடித்துப் போத்தலில் அடைப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்திலேயே அதிக நாள் விட்டால் சாராயம் மாதிரி ஏறிவிடும் என்றும் சொன்னாள். அவள் எந்த ஊர் வெயிலில் நின்று பேசினாளோ! இங்கே மலையில், லிந்துலைக் குளிரில் என் ஜாடி ஊமை மாதிரிக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் தோசை மாவு பொங்காவிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பழைய கம்பளியைச் சுற்றி அடுப்படியில் வைத்தேன். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே, சீறிக்கொண்டு கிளம்பியது. எனக்கோ ஒரே சந்தோஷம், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் திறந்தபோது சீறல் அடங்கியிருந்தது. இப்போது அடைக்கலாமா, இல்லை எல்லை தாண்டிவிட்டதா? தலையைப் பிய்த்துக்கொண்டேன். ருசி பார்க்கலாம்தான், ஆனால் நான் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை. எனக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆள் அவர். அவரிடம் போய் இதை வாயில் வைத்துப் பாருங்கள் என்று எந்த மடச்சி சொல்வாள்?

நான் ஜாடியை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அரைத்த கொழுந்து புளித்தது போதுமா என்று மோந்து பார்த்துச் சொல்கிற ஆள். வாயில் வைக்க வேண்டாம், மூக்கு போதும் என்றார். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. துணியை விலக்கிக் குனிந்தார். நிமிர நேரமானது. ஜாடியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இது தாண்டிருச்சு புள்ள," என்றார். "ஒரு வாய் வச்சா நான் ஜாடிய வைக்க மாட்டேன். இப்பவே ஊத்திரு."

வாசலோரக் கானில், சாக்கடைத் தண்ணியோடு போகட்டும் என்று கவிழ்த்தேன். அவர் வாசலிலேயே நின்று, கடைசிச் சொட்டு போகும்வரை பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு, அடுத்ததை ஜன்னலோரம் வை, குளிரில் மெதுவாக வரட்டும், குமிழி எழும்பத் தொடங்கினதுமே அடைத்துவிடு, மிச்சம் போத்தலுக்குள் ஆகட்டும் என்று வேலைக்காரனிடம் சொல்வதுபோல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரிங்க தொரை என்றேன்.

அப்படியே செய்தேன். தீபாவளியன்று மூடியைத் திறந்ததும் டப்பென்று சத்தம், கிளாஸ் நிறைய நுரை. கூட்டாளிகள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஒருவர் தன் போத்தலைச் சாய்த்து, இதில் கொஞ்சம் கலந்துக்க, நல்ல நாளும் அதுவுமா என்று என் வீட்டுக்காரர் கிளாஸ் பக்கம் கொண்டுபோனார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "வேணாம் மச்சான். எனக்கு இதுவே போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டியில் வடை கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.