தொட்டில் ரூமில் கண்வலி

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. ராஜபாளையத்தில் பஞ்சாலை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா அங்கே ரீலிங்கில் நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் சங்கு ஊதுவதற்குள் இடுப்பில் தம்பியோடு அவளும், பின்னால் தூக்குவாளியோடு நானும் கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று யாரும் கேட்கவில்லை. நானாக ஞாபகப்படுத்தவும் இல்லை.

கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலை பார்ப்பதற்காக மில்லில் ஒரு அறை இருந்தது. சர்க்கார் சட்டம் போட்டுக் கட்டவைத்த அறை என்பார்கள். இங்கிலீஷில் அதற்கு ஒரு பேர் உண்டு. யார் வாயிலும் அது நுழையவில்லை. நாங்கள் தொட்டில் ரூம் என்றோம். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டிருந்தும் பஞ்சுத்தூசி எப்படியோ உள்ளே வந்து பிள்ளைகளின் புருவத்தில் படியும். வெள்ளைப் புருவத்தோடு எல்லாம் கிழவர்கள் மாதிரி தூங்கும்.

அந்த ரூமுக்கு ஆயா எங்கள் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதைக் காரணம் காட்டிப் பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு குடும்பம் ஏற்படுத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சொந்தப் பிள்ளை இல்லாதவள் ஊரார் பிள்ளைகளைப் பாரபட்சமில்லாமல் பார்ப்பாள் என்று மில்காரர்கள் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அதே காரணத்துக்காகத் தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சொந்தத்தில் வளைகாப்பு, பேர் வைப்பு என்று எங்கே போனாலும் பெரியம்மா நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள், எல்லாம் முடிகிறவரை வெளியே தலைகாட்ட மாட்டாள் என்பது மட்டும் தெரியும். வடை சூடாகக் கிடைக்கிற இடத்தை அவள் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று நினைத்து நானும் கூடவே போய் உட்கார்ந்துகொள்வேன்.

பெரியம்மா மை கூட்டுவதில் கெட்டிக்காரி. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரி திரிப்பாள். விளக்கெண்ணெய் விட்டு ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்துக் குழைத்து ஒரு மரச்சிமிழில் அடைத்து வைப்பாள். தொட்டில் ரூமில் காலையில் முதல் வேலை அந்தச் சிமிழைத் திறப்பதுதான்.

தாய்மார்கள் வாசலில் நிற்பார்கள். பெரியம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பிள்ளையை வாங்குவாள். பார்க்காமலே சிமிழில் விரலைத் தோய்த்துக் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பாள். அதற்குப் பிறகுதான் திரும்பி, “வாங்க ராசா” என்று முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அதே விரலால் இரண்டு கண்ணிலும் மை இழுப்பாள். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. பார்க்காமல் வைக்கிற பொட்டு சில நாள் மூக்கில் விழும், சில நாள் காதில் விழும். ஒரு பிள்ளை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டு, பொட்டை நாக்கில் வாங்கிக்கொண்டது.

ஏன் சுவரைப் பார்த்து வாங்குகிறாள் என்று எனக்கு ஒரே யோசனை. ஆயா வேலைக்கு அது ஒரு விதி போல என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் மரப்பாச்சியை வைத்து விளையாடும்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதை வாங்குவேன். அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று சொல்லவே இல்லை.

தொட்டில் ரூமில் மை வைத்துக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர். விளக்கெண்ணெய் கண்ணில் எரியும் என்று ஓடிவிடுகிற நான் ஒருத்தி. இன்னொன்று, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அக்காவின் மகள். எங்கள் பிள்ளைக்குப் பொட்டும் வேண்டாம், மையும் வேண்டாம் என்று அந்த அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையை வாங்கும்போது மட்டும் பெரியம்மா திண்டாடுவாள். பார்க்காமலே என் மடியில் கொண்டுவந்து போடுவாள். ஆனால் அது சரியான அழுகுணி. என்னிடம் செத்த நேரம்கூட இருக்காது. கடைசியில் பகல் முழுக்கப் பெரியம்மா இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசத்தில் கண்வலி வந்தது. முதலில் செட்டியார்பட்டியிலிருந்து வருகிற ஒரு அக்காவின் மகனுக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு தொட்டிலாக இறங்கியது. கண் கோவைப்பழமாகச் சிவந்து, பூளை கட்டி, பிள்ளைகள் வெளிச்சத்தைக் கண்டால் வீரிட்டன. தம்பிக்கும் வந்துவிட்டது. அம்மா தாய்ப்பால் பீய்ச்சிப் பார்த்தாள். ராத்திரி நந்தியாவட்டைப் பூவை நனைத்து இமைமேல் வைத்துப் பார்த்தாள். எதற்கும் கேட்கவில்லை.

என்னை மட்டும் எச்சரித்துக்கொண்டே இருந்தாள். “ஏட்டி, அவன் கண்ணைப் பாக்காத. பாத்தா ஒட்டிக்கிடும்.”

பார்த்தால் எப்படி ஒட்டும்? அவன் கண்ணிலிருந்து கிளம்பி என் கண்ணுக்கு வருகிற வழியில் அதை யாராவது பார்த்திருக்கிறார்களா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் செட்டியார்பட்டிப் பையனின் தொட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கண்ணைக் கொட்டாமல் அவன் கண்ணையே பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்துவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. விடிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை. பெரியவர்கள் சொன்னது பலிக்கவில்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். வெளியே சொன்னால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் ரீலிங்கில் வேறு பேச்சு நடந்திருக்கிறது. பிள்ளைகள் கண்ணில் யார் கண் பட்டது என்று பேச்சு. ஆயா கண்தான் என்று செட்டியார்பட்டி அக்கா வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். பெரியம்மாவின் காதிலும் விழுந்தது. அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அன்றைக்கே புதிதாக மை கூட்டினாள். காலையில் மட்டும் வைத்தவள் மத்தியானமும் வைக்கத் தொடங்கினாள். பொட்டு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

கண்வலி இன்னும் வேகமாகப் பரவியது.

ஒரு காலையில் தம்பிக்கு இமை பிரியவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அம்மா மெதுவாகத் துடைத்துத் திறந்தாள். இடது கண்ணின் கருவிழிமேல் பாலாடை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சாமிக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். பிள்ளைக்குப் பார்வை போய்விடும் என்று அவள் நினைத்துவிட்டாள் என்பது எனக்கே புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அன்று மில்லுக்குப் போகும்போது வழி நெடுக அவள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நர்ஸம்மா ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை மில்லுக்கு வருவார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, பக்கத்தில் போனால் சிவப்பு சோப்பு வாசனை. தம்பியின் கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கண் கழுவ போரிக் தண்ணீரும், சொட்டு மருந்தும் கொடுத்தார். தொட்டில்களை எண்ணினார். கண்ணைப் பாதி மூடி எதையோ யோசித்தார். மறுநாள் அவர் வரவேண்டிய நாளே இல்லை. ஆனால் முதல் பஸ்ஸில் வந்து, சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே தொட்டில் ரூமில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நர்ஸம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமிழுக்கும் கண்ணுக்கும், கண்ணுக்கும் சிமிழுக்கும் விரல் போய்வரப் போய்வர அவர் தலை மெதுவாக ஆடியது.

பால் கொடுக்கிற நேரத்துக்குத் தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள். செட்டியார்பட்டி அக்கா முன்னால் வந்து, ஆயாவை மாற்றச் சொல்லி மானேஜரிடம் போகப்போவதாகச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். பெரியம்மா அங்கேயேதான் நின்றாள். அம்மா தம்பியை மாராப்பால் மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸம்மா எழுந்து, பெரியம்மா இடுப்பில் இருந்த வேதக்கார அக்காவின் மகளை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

“இந்தப் பிள்ளை நாள் முழுக்க யாரு இடுப்புல இருக்கு?”

ஆயா இடுப்பில் என்றார்கள்.

“அப்ப ஆயா கண்ணு மொதல்ல இதைத்தான பிடிச்சிருக்கணும்? இது கண்ணைப் பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. இந்தா நிக்காளே, இவ கண்ணையும் பாருங்க.” என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “ரெண்டு பேருக்கும் மை வைக்கல. அம்புட்டுத்தான் விசயம். ஒரு நோவுக் கண்ணைத் தொட்ட விரல் சிமிழுக்குப் போயி, சிமிழ்ல இருந்து அடுத்த கண்ணுக்குப் போகுது. இது கண்ணால வந்த நோவு இல்ல. விரலால வந்தது.”

பிறகு பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டார். கையைக் கழுவு கழுவு என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், சோப்பு என்ன மாடத்தில் சாமிக்கா வைத்திருக்கிறாய், ஒரு பச்சைப்பிள்ளையின் கண்ணே போகப் பார்த்ததே என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குக் காது கூசியது. பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப என் கண்ணு இல்லையாம்மா?”

“கண்ணுக்கு என்ன வந்தது? கைதான்னு சொல்லுதேன்ல.”

“நெசமாவே என் கண்ணு இல்லையா?”

“இல்லவே இல்ல. கையைக் கழுவினா போதும்.”

பெரியம்மா தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார். சிமிழை வாங்கி பாய்லர் நெருப்பில் போடச் சொல்லி அனுப்பினார். அருமையாகக் கூட்டிய மை போய்விட்டதே என்றுதான் பெரியம்மா அழுகிறாள் என்று நான் நினைத்தேன். இன்னொரு சிமிழ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னேன். அழுகிற முகத்தோடு அவள் சிரித்தாள். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. குற்றம் உன்னுடையதுதான் என்று நாலு பேர் முன்னால் நிரூபித்த பிறகு யாராவது சிரிப்பார்களா?

அதற்குப் பிறகு தொட்டில் ரூமில் ஏகப்பட்ட சட்டதிட்டங்கள். நோவுப் பிள்ளைகளுக்குத் தாழ்வாரத்தில் தனித் தொட்டில். ஆளுக்கொரு துணி, ஒருவர் துணி இன்னொருவர் முகத்தில் படக்கூடாது. ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது. பஞ்சுக்கு மில்லில் என்ன பஞ்சம்? ஆயாவை மாற்றவேண்டாம், இனி இவளைவிடச் சுத்தமாகக் கை கழுவ ஆள் கிடைக்காது என்று நர்ஸம்மாவே மானேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். தம்பியின் கண்ணில் பாலாடை மெல்ல மெல்லக் கரைந்தது. அம்மா மடவார் வளாகம் போய்க் கண்மலர் சாத்தினாள். வருகிற வழியில் நர்ஸம்மா வீட்டுக்கும் ஒரு சீப்பு பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி வளைகாப்பு நடந்தபோது, பிள்ளையில்லாதவள் முதல் வளையல் போடலாமா என்று புகுந்த வீட்டுக்காரி ஒருத்தி என் காதில் கிசுகிசுத்தாள். அந்த நிமிஷம்தான் அடுப்படியும், சுவர்ப்பக்கம் திரும்பிய முகமும், மூக்கில் விழுந்த பொட்டுகளும் எனக்கு ஒன்றாகப் புரிந்தன. ஊர் சொன்னதைப் பெரியம்மாவும் நம்பியிருக்கிறாள். அத்தனை வருஷமும் அந்த மையை வைத்துப் பிள்ளைகளை அவள் தன் கண்ணிடமிருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். விரல் என்று தெரிந்தால் கழுவிவிடலாம். கண் என்றால் அவள் என்ன செய்வாள்? நான் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன்.

சிமிழ் நெருப்புக்குப் போன மறுநாள் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியம்மா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரக்கையை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்மா தம்பியை நீட்டினாள். பெரியம்மா சுவரைப் பார்க்கவில்லை. நேராக அவன் முகத்தைப் பார்த்து வாங்கினாள். வாங்கிப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். சங்கு ஊதிவிட்டது. அம்மாவும் உள்ளே ஓடாமல் அக்காவைப் பார்த்தபடி நின்றாள். தம்பி கண்ணில் பூளை இன்னும் இருக்கிறதா என்று பெரியம்மா தேடுகிறாள் போல, அதற்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.