பார்த்தும் பார்க்காத உத்தியோகம்

எங்களை ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடி எங்கள் முகத்தில் விழிக்க விரும்புவதில்லை. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வெற்றி. மனசு உடைந்து கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் போலீசுக்கு முன்னால் போய்ப் பேசுகிற குழு எங்களுடையது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எங்கள் எல்லை. நர்ஸ் மேரி, டிரைவர் பாபு அண்ணன், காவல் துறையிலிருந்து கூட வரும் ஏட்டு தனசேகர், இந்த மூன்று பேரையும் மேய்க்கிற நான். வேறு ஊரில் இதே வேலை பார்க்கும் சக பாவிகள் யாராவது இருந்தால் படித்துவிட்டுத் தலையாட்டுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்குத் தனியாகப் பேசிப் பழக்கம்தான்.

தினசரி ஜீப்

செம்மண்டலத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி பிரிந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இங்கே வேண்டாம். தினமும் காலையில் தனசேகர் போலீஸ் ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அதே ஜீப் இறக்கிவிடும். ஒரே மாதத்தில் தெரு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் மாடியில் விழுந்த பந்தைக்கூட எடுக்க வருவதில்லை. தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு வரவில்லை.

காரணம் கீழ்வீட்டு ரவி சொல்லித்தான் தெரிந்தது. நல்ல மனுஷர். ஒருநாள் மாடிப்படியில் என்னை ஓரம் கட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஜாமீன்ல வந்தா டெய்லியுமா சார் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்? நம்ம மச்சான் ஒருத்தர் வக்கீலா இருக்காரு, சொல்லட்டா?"

கதவுக்கு இந்தப் பக்கம்

செல்வராஜுக்கு ஐம்பது வயது. சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவர். வேலை போனது, அடுத்த வருஷம் மனைவியும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. மூன்று நாளாக உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, "நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட, போலீஸ் எங்களைக் கூப்பிட்டது.

எங்கள் வழக்கம் இது: ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிடும். ஏட்டு தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். நான் செருப்பை விட்டுவிட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்காருவேன். யாரும் கதவைத் தட்டக் கூடாது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நான் பேசினேன், உள்ளிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பேசிப் பேசித் தொண்டை வறண்டு இருமல் பிடித்துக்கொண்டது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. அப்போது தாழ்ப்பாள் விலகியது. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த எதுவும் பலிக்கவில்லை, இருமல்தான் பலித்தது. சொம்பை நீட்டியபடி செல்வராஜ் சொன்னார்: "வாசல்ல வந்து ஒக்காந்தவனுக்கு தண்ணி குடுக்கலன்னா அப்புறம் நான் இன்னா மனுஷன்?"

மாப்பிள்ளை வீடு

எங்களுக்கு ஒரு விதி உண்டு. நாங்கள் போய் உதவியவர்களை வெளியில் பார்த்தால், நாங்களாக முதலில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கூட இருப்பவர்கள் "இவர் யாரு, எப்படிப் பழக்கம்?" என்று கேட்டால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள், பாவம். நியாயமான விதிதான். அதன் பலன், மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் பார்க்கிறவர்களில் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், என்னை ஒருவருக்கும் தெரியாது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என்னோடு படித்தவரின் மகன். மேடையில் பெண்ணைப் பார்த்ததும் திக்கென்றது. காலேஜ் பரீட்சை சமயத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டபோது அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் அப்பா என் தோளில் சாய்ந்து அழுததில் சட்டையே நனைந்துவிட்டது. இப்போது அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதை யாரிடம் சொல்வது? பந்தியில் இலையைப் பார்த்தே சாப்பிட்டேன். ஒவ்வொருவராக உபசரித்துக்கொண்டு வந்த அந்த அப்பா என் முன்னால் ஒரு நொடி நின்றார். "நீங்க மாப்ள வீடா சார்? கூச்சப்படாம கேட்டு சாப்டுங்க."

சேத்தியாத்தோப்பு பஸ்

செல்வராஜ் தேறி, சேத்தியாத்தோப்பில் அக்கா வீட்டோடு போய்விட்டார். திங்கட்கிழமைதோறும் நான் போன் செய்து மாத்திரை, தூக்கம், சாப்பாடு மூன்றையும் கேட்டுப் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அவரோடு மட்டும் அரை மணி நேரம் ஆகும். வெள்ளாற்றில் தண்ணி வந்ததைச் சொல்வார். நான் என்ன சமைத்தேன் என்று கேட்பார். ரசம் என்று சொன்னால், "போன வாரமும் ரசம்தான சார்?" என்று பிடித்துவிடுவார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாரத்தில் நான் எதிர்பார்த்துக் கிடந்த நாள் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு அம்மாளோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைத் தூக்கினார். அவர்களே முதலில் கூப்பிட்டால் பேசலாம், விதியில் அதற்குத் தடையே இல்லை. ஆனால் பழக்க தோஷம், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. காட்டுமன்னார்கோவில் பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு பாபு அண்ணன் கேட்டார்: "அந்த ஆளு ஒங்களத்தான சார் கூப்ட்டாரு?"

இரண்டாவது கதவு

அடுத்த திங்கள் செல்வராஜ் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த திங்களும் எடுக்கவில்லை. நேரில் போயிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் அவர் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டாராம், சோற்றைத் தொடுவதில்லையாம், காலையிலிருந்து அறையைத் தாழ் போட்டுக்கொண்டு "யாருக்கும் நான் வேணாம்" என்கிறாராம்.

போனோம். மேரி ஜன்னல் வழியாகப் பார்த்து, "கட்டில்ல ஒக்காந்திருக்காரு சார், கூப்ட்டா திரும்பல" என்றார். நான் அறை வாசலில் உட்கார்ந்து, வழக்கமாகச் சொல்கிற ஆறுதல்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அவை பொய்யாகக் கேட்டன. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால்தான்.

"செல்வராஜ், அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒங்கள பார்த்தேன். பார்த்துட்டுதான் திரும்பிக்கிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றேன். தனசேகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் நிறையப் பேரை அவர் பார்த்திருக்கிறார், கதவிடம் ஒப்புக்கொண்டவன் நான்தான் முதல் ஆள். "திங்கக்கெழம ஒங்க கூட பேசலன்னா அந்த வாரம் பூரா எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே கெடையாது" என்றும் சொன்னேன். அது எந்தப் பயிற்சியிலும் இல்லாத வாக்கியம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு நாலு விரல் அகலம் திறந்தது. தாடியும் குழி விழுந்த கண்ணுமாக நின்றார். மேரியை நாடி பார்க்க விட்டார், ஆஸ்பத்திரிக்கு வரவும் சம்மதித்தார். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆற்றுப் பாலம் தாண்டியதும் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கு நீங்க வர்றத பார்த்து அக்காகிட்ட சொன்னேன் சார், தோ வர்றாரு பாரு, என் சிநேகிதருன்னு. அதுக்குள்ள நீங்க மூஞ்ச திருப்பிக்கினீங்க."

செல்வராஜ் தேறி மறுபடி போனை எடுக்கிறார். நான்தான் இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் எவர் கை தூக்கினாலும் பதிலுக்குக் கை தூக்கிவிடுகிறேன், கண்டக்டர்கள் விசில் ஊதி எனக்காகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு, நான் ஏறாததைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போகிறார்கள்.